நாண் படாத அம்பு

அக்கா: இது எதுல பட்டுச்சு?

மாமா: எது?

அக்கா: மூக்குக்கு நேரா நீட்டுறேனே, இந்த அம்புதான்.

மாமா: டார்கெட்லதான். வேற எதுல படும்?

அக்கா: டார்கெட்ல பட்டிருந்தா முனையில வைக்கோல் தூசி ஒட்டியிருக்கும். இது இப்பதான் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு.

மாமா: துடைச்சேன்.

அக்கா: நீங்களா?

மாமா: ஏன், நான் துடைச்சா ஆகாதா?

அக்கா: உங்களோட குடும்பம் நடத்தின வரைக்கும் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வச்சதில்ல. இப்ப அம்பைத் துடைச்சீங்களாக்கும்.

தம்பி: டீ வந்தாச்சு. மாமா, இந்தாங்க. அக்கா, உன்னுது ஜன்னல்ல வச்சிருக்கேன், பசை டப்பா பக்கத்துல வைக்கல, பயப்படாத. ரெண்டு பேரும் குடிச்சிட்டுத் தெம்பா ஆரம்பிங்க.

மாமா: நாங்க என்னத்தை ஆரம்பிக்கப் போறோம் மாப்ள? இறகு ஒட்டக் கொண்டு வந்தேன். ஒட்டிக் குடுத்தா எடுத்துட்டுப் போய்ட்டே இருப்பேன்.

தம்பி: அப்படித்தான் ஒவ்வொரு வாரமும் சொல்றீங்க. எங்க அக்கா கோவிச்சுக்கிட்டு உங்க வீட்டை விட்டு வந்ததுல இருந்து, இந்தக் கதவை அதிகமாத் தட்டினது நீங்கதான். சேர்ந்து இருந்தப்பகூட நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்ல.

அக்கா: நீ கொஞ்சம் வாயை மூடுறியா? கெட்டில்ல இன்னும் தண்ணி விட்டுக் கொதிக்க வை. இந்த மூணு அம்புலயும் இறகு நசுங்கித்தான் போயிருக்கு. ஆவியில காட்டினா நிமிர்ந்துக்கும்.

மாமா: அப்ப இதையும் ஆவியில காட்டேன்.

அக்கா: இதுக்குப் பாதி இறகே இல்ல. இல்லாததை ஆவி எங்க இருந்து கொண்டு வரும்?

மாமா: தெரியாமதானே உன்கிட்ட கொண்டு வரேன். மாப்ள, இது என்ன கப்பு?

தம்பி: டீ கப்பு மாமா.

மாமா: பிரஷ் வைக்கிற கப்பு மாதிரி இருக்கு. அடியில பேஸ்ட் வாசனை வருது.

தம்பி: நல்லாக் கழுவிட்டேன்.

மாமா: ஏன், டம்ளர் எல்லாம் எங்க?

தம்பி: டம்ளரா... இருக்கு.

மாமா: எங்க இருக்கு? ஷெல்ஃபு காலியாக் கிடக்கு.

தம்பி: தூசி தட்டினோம்.

மாமா: தூசி தட்டினா கடிகாரமும் போயிடுமா? சுவத்துல ஆணி மட்டும் இருக்கு.

தம்பி: அது ஓடல. அதான் கழட்டி வச்சோம்.

மாமா: ஓடாத கடிகாரத்தோட அந்த கேலண்டரும் ஓடலையா?

அக்கா: வந்தமா, அம்பைக் குடுத்தமான்னு இருங்க. எங்க வீட்டு சுவத்துல எது இருக்கு, எது இல்லன்னு உங்களுக்கு என்ன?

மாமா: நீ மட்டும் என் அம்புல தூசி இருக்கா இல்லையான்னு பார்க்கலாம். நான் சுவத்தைப் பார்க்கக் கூடாதா? அந்த ரூம் கதவு ஏன் சாத்தியிருக்கு?

அக்கா: காத்து அடிக்குது.

தம்பி: ஈரமா இருக்கு.

மாமா: ஒருத்தர் காத்துங்கறீங்க, ஒருத்தர் ஈரம்ங்கறீங்க.

தம்பி: ஈரக் காத்து மாமா.

மாமா: தள்ளு மாப்ள.

தம்பி: மாமா... மாமா, அங்க கால் வைக்கவே இடம்... சரி, போங்க. நான் சொன்னா யாரு கேக்குறா.

அக்கா: பார்த்தாச்சா?

மாமா: என்ன இது... இத்தனை பெட்டி?

அக்கா: தம்பிக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. நாளைக்குக் காலையில லாரி வருது.

மாமா: மாத்தல் அவனுக்குத்தானே?

அக்கா: நான் அவன் வீட்டுலதானே இருக்கேன். இந்த வீட்டைக் காலி பண்ணினா நான் எங்க போறது? நானும்தான் போறேன்.

மாமா: ஒரு வார்த்தை சொல்லல.

அக்கா: நீங்க கேக்கல. வர்றீங்க, இறகு ஒட்டணும்னு நிக்கிறீங்க, டீயைக் குடிக்கிறீங்க, போறீங்க. நடுவுல எங்கயாவது 'எப்படி இருக்க'ன்னு ஒரு கேள்வி இருந்துச்சா?

மாமா: எவ்வளவு தூரம் மாப்ள?

தம்பி: பஸ்ல ஒரு பகல் முழுக்கப் போயிடும். வாராவாரம் அம்பைத் தூக்கிட்டு வர்ற தூரம் இல்ல மாமா. நான் ஒளிச்சு வைக்கணும்னு நினைக்கல. சொல்லக் கூடாதுன்னு இவதான் என் வாயைக் கட்டிப் போட்டா.

மாமா: அவ சொன்னா நீ சொல்ல மாட்டியா?

தம்பி: இந்த வீட்டுல யாரு சமைக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க?

அக்கா: உக்காருங்க. நின்னுக்கிட்டே பெட்டியைப் பார்த்தா பெட்டி பிரிஞ்சுடாது. இதுதான் நான் உங்களுக்குக் கடைசியா ஒட்டறது. ஒழுங்கா ஒட்டிக் குடுக்கறேன். அதனால நான் கேக்கறதுக்கு மழுப்பாம பதில் சொல்லணும்.

மாமா: கேளு.

அக்கா: இந்தச் சிவப்புத் தண்டுக்கு யாரு இறகு ஒட்டினது?

மாமா: நீதான்.

அக்கா: நானா? மூணு இறகுல ரெண்டு வலது சிறகுல இருந்து எடுத்தது. ஒண்ணு இடது சிறகு. பாருங்க, இது ரெண்டும் இந்தப் பக்கம் வளையுது, இது அந்தப் பக்கம் வளையுது. ரெண்டு இறகு அம்பை ஒரு பக்கமா சுத்தப் பார்க்கும், மூணாவது வர மாட்டேன்னு இழுக்கும். காத்துல குடிகாரன் மாதிரி தள்ளாடிட்டுப் போகும். கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் இப்படி ஒட்ட மாட்டேன்.

மாமா: ஏதோ கவனக் குறைவா...

அக்கா: யாரோட கவனக் குறைவு?

தம்பி: வேற கை பட்டிருக்குன்னு சொல்றியாக்கா?

அக்கா: நான் எதுவும் சொல்லல. கேக்கறேன்.

தம்பி: உங்க வில்வித்தை கிளப்புல புதுசா ஒரு பல் டாக்டரம்மா சேர்ந்திருக்காங்களாமே மாமா?

மாமா: அவங்களுக்கு என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல. பல் டாக்டருக்கு ஒட்டுற வேலை நல்லா வரும்னு சொல்ல வந்தேன்.

அக்கா: நல்லா வரலையே. பசை கஞ்சி மாதிரி வழிஞ்சிருக்கு.

மாமா: அந்த அம்மாவை நான் ரெண்டு தடவை பார்த்திருப்பேன். அதுவும் தூரத்துல இருந்து. கண்ணாடி போட்டிருப்பாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அக்கா: நான் கேட்டேனா? கண்ணாடி வரைக்கும் பார்த்து வச்சிருக்கீங்க, நல்லது.

மாமா: மாப்ள, சும்மா இருக்கிறவளைக் கிளறி விடாத.

தம்பி: நான் எங்க கிளறினேன்? கேள்வி பொதுவாக் கேட்டேன்.

அக்கா: அந்த பூதக் கண்ணாடியை எடு. இல்ல, அதுவும் பெட்டிக்குள்ள போயிடுச்சு. ஜன்னல் பக்கம் நகரு, வெளிச்சம் வரட்டும்... பசை காயறதுக்குள்ள யாரோ விரலை வச்சு அழுத்தியிருக்காங்க. ரேகை அப்படியே பதிஞ்சிருக்கு. பெரிய விரல்.

தம்பி: பல் டாக்டருக்குப் பெரிய விரல் இருந்தா கஷ்டமாச்சே. வாய்க்குள்ள எப்படி...

அக்கா: பேசாம இரு. ரேகைக்குக் குறுக்க ஒரு கோடு ஓடுது. வெட்டுக் காயம் ஆறின மாதிரி.

மாமா: பசையில என்னென்னமோ கோடு விழும்.

அக்கா: கையை நீட்டுங்க.

மாமா: எதுக்கு?

அக்கா: நீட்டுங்கன்னா. வலது கை இல்ல. இடது.

மாமா: இந்தா.

அக்கா: அதே தழும்பு. நீங்களா ஒட்டினீங்க?

மாமா: ஒண்ணே ஒண்ணு ஒட்டிப் பார்த்தேன். வருதான்னு.

அக்கா: இதுக்கு ஏன் முழிச்சீங்க? நான்தான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?

மாமா: நீ முடியாதுன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு ஒரு யோசனை. அதை உன்கிட்டயே சொல்ல முடியுமா?

அக்கா: கட்டைவிரல் மடங்குதா?

மாமா: மடங்குது.

அக்கா: மடக்குங்க பார்க்கலாம்.

மாமா: டீ ஆறுது.

அக்கா: மடங்கலைன்னு சொல்லுங்களேன். வாயா வலிக்குது?

மாமா: பாதி மடங்கும். குளிர் நேரத்துல அதுவும் வராது. பெரிசா ஒண்ணுமில்ல. போகட்டும் விடு.

அக்கா: எல்லாத்தையும் விட்டுட்டு விட்டுட்டுத்தான் இங்க வந்து உக்காந்திருக்கோம். நான் ஒண்ணு கேக்கறேன். தண்டுல விரிசல் இருந்தா நான் என்ன பண்ணுவேன்?

மாமா: அது இப்ப எதுக்கு?

அக்கா: சொல்லுங்க.

மாமா: ஒவ்வொரு தண்டையும் காதுகிட்ட வச்சு வளைப்ப. நெறுநெறுன்னு சத்தம் கேட்டா விரிசல். அப்புறம் பஞ்சை வச்சு இழுப்ப, பிசிறு இருந்தா பஞ்சு மாட்டும். மாட்டினா உடனே முழங்கால்ல வச்சு ரெண்டா உடைச்சுக் குப்பையில போட்டுடுவ. யாரும் மறந்துபோய் எடுத்துடக் கூடாதுன்னு.

அக்கா: ஒரே ஒரு அம்பை மட்டும் உடைக்கல. ஏன்?

மாமா: நான் கேட்டுக்கிட்டேன். கோப்பை வாங்கிக் குடுத்த அம்பு, உடைக்காத, ஷோகேஸ்ல இருக்கட்டும்னு.

அக்கா: விரிசல்னு சொன்னேனா இல்லையா?

மாமா: சொன்ன.

அக்கா: ஷோகேஸ்ல இருந்து அதை எடுத்தது யாரு?

மாமா: போட்டி அன்னிக்கு ஒண்ணு குறைஞ்சுது. நீ குளிச்சிட்டு இருந்த. ஒரு அம்புதானேன்னு...

அக்கா: குறுக்குவில்லு விசையை அழுத்தினதும் தண்டு நாலாப் பிளந்து உங்க கையில ஏறுச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரேன். செருப்புகூட சரியாப் போடல. உள்ள நுழையறேன், கிளப் ஆளுங்க எல்லாரும் கட்டிலைச் சுத்தி நிக்கிறாங்க. அவங்க முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?

மாமா: வலி உயிர் போச்சு.

அக்கா: வலியில 'அம்மா'ன்னு கத்தலாம். 'பார்த்துக் குடுக்க வேண்டியவ பார்க்காம குடுத்துட்டா'ன்னு சொல்லணுமா? ஊர்ல பாதிப் பேர் என்னை நம்பி அம்பைக் குடுத்துட்டுப் போவாங்க. அவங்க எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. நான் அப்படியே வெளிய வந்து இவனுக்குப் போன் பண்ணினேன்.

தம்பி: அன்னிக்கு நான் லீவு சொல்லாமகூட ஓடி வந்தேன்.

அக்கா: அவங்க எல்லாம் என்னைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் என்ன நினைச்சுட்டு இருப்பாங்க?

மாமா: ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

அக்கா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமா: சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அக்கா: பேச்சுக்கு... சரி. இந்தாங்க, இந்தத் தண்டுல பழைய பசையைச் சுரண்டிக்கிட்டே பேசுங்க. மழுங்கின கத்தியாலதான். அழுத்தாதீங்க. சுரண்டினதும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும், அப்புறம் விரல் படக் கூடாது. வில்லு எப்படி இருக்கு?

மாமா: வில்லுக்கு என்ன, நல்லா இருக்கு.

அக்கா: குறுக்குவில்லுல நாண் பிசிறு விட்டிருந்துச்சே. மாத்தியாச்சா?

மாமா: மாத்திட்டேன்.

அக்கா: எப்ப?

மாமா: போன ஞாயித்துக்கிழமை.

அக்கா: புது நாண் என்ன நிறம்?

மாமா: கறுப்பு.

தம்பி: க்கும்...

அக்கா: உனக்கு என்ன?

தம்பி: டீ புரை ஏறிடுச்சு.

அக்கா: நீதான் டீயே குடிக்கலையே.

தம்பி: அவர் குடிக்கிறதைப் பார்த்தேன், ஏறிடுச்சு.

அக்கா: நாணுக்கு மெழுகு தடவினீங்களா?

மாமா: தடவாம இருப்பேனா?

அக்கா: அம்பு ஓடுற குழிக்கு எண்ணெய்?

மாமா: ரெண்டு சொட்டு விட்டேன்.

அக்கா: எங்க வச்சிருக்கீங்க வில்லை?

மாமா: வழக்கமான இடத்துலதான். பீரோ மேல. போர்வை போட்டு மூடி வச்சிருக்கேன்.

தம்பி: அக்கா, நான் கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்.

அக்கா: உக்காரு. எங்கயும் போக வேணாம்.

மாமா: எதுக்கு மாப்ள சிரிக்கிற?

தம்பி: சிரிக்கல மாமா. இருமலை அடக்கினா என் மூஞ்சி இப்படித்தான் போகும்.

மாமா: நீங்க ரெண்டு பேரும் என்னமோ மறைக்கிறீங்க. வந்ததுல இருந்து பார்க்கறேன். ஜாடை ஒரு பக்கம், இருமல் ஒரு பக்கம். பெட்டிதான் தெரிஞ்சு போச்சே, இன்னும் என்ன இருக்கு? உண்மையைச் சொல்லு. ஊருக்குப் போறது மாத்தலுக்காகத்தானா, இல்ல வேற ஏதாவதா?

அக்கா: வேற என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?

மாமா: தெரியல. அதான் கேக்கறேன்.

அக்கா: முதல்ல என் கேள்வி முடியட்டும். போன தடவை இந்த ஆறு அம்புக்கும் பின்னால நாண் கவ்வுற மூடியை நானே புதுசா மாட்டிக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?

மாமா: இருக்கு.

அக்கா: ஒரே ஒரு தடவை விட்டாலும் நாண் அடிச்ச தடம் மூடியில விழுந்துடும். ஒரு மூடியிலயும் தடம் இல்ல. குழியில உரசி ஓடின அம்புக்கு அடிவயித்துல கோடு விழும், குழிக்குள்ள போற அந்த வேற நிற இறகு ஓரத்துல தேயும். தேயல. கோடும் பழைய கோடுதான், புதுசா ஒண்ணுகூட இல்ல.

மாமா: எண்ணெய் விட்டேன்ல, அதனால உரசியிருக்காது.

அக்கா: காது குத்தாதீங்க. இறகைப் பாருங்க. டார்கெட்ல மாட்டிக் கிழிஞ்ச இறகு தாறுமாறாக் கிழியும். இறகோட முன்பக்கத்துக் காம்பு மழுங்கியிருக்கும். இது வெட்டின இறகு. அதுவும் நேரா வெட்டல. பிறை பிறையா, வரிசையா... கத்திரிக்கோல் இப்படி வெட்டாது.

மாமா: எலி கடிச்சிருக்கும்.

அக்கா: எலியா?

மாமா: வீட்டுல எலித் தொல்லை. நீ இங்க வந்ததுக்கப்புறம் ஜாஸ்தியாயிடுச்சு.

அக்கா: உங்க வீட்டு எலி நகவெட்டி வச்சிருக்குதா?

தம்பி: அட, ஆமா. நகவெட்டி. அதே அளவு.

அக்கா: ஏன் நகவெட்டி? கத்திரிக்கோல் இல்லையா வீட்டுல?

மாமா: இருக்கு. ஒரு கையால அம்பை இறுக்கிப் பிடிச்சாத்தானே கத்திரிக்கோல் போட முடியும். இந்தக் கட்டைவிரல் அழுத்த மாட்டேங்குது. அம்பு நழுவிட்டே இருக்கு. அதான் முழங்காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு நகவெட்டியால...

அக்கா: போதும்.

மாமா: நீதான் கேட்ட.

அக்கா: போதும்னு சொல்றேன்ல... எதுக்கு வெட்டினீங்க? நான் ராத்திரியும் பகலும் தலை குனிஞ்சு ஒட்டினதை எதுக்கு வெட்டினீங்க?

மாமா: நல்லா இருக்கிற அம்பைத் தூக்கிட்டு வந்து என்னன்னு சொல்லி நிக்கிறது? இந்த வாசலுக்கு வர்றதுக்கு எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு? நீ ஒட்டிக் குடுத்தா மூணு நாள் மேஜையில வச்சுப் பார்த்துட்டு இருப்பேன். நாலாவது நாள் நகவெட்டியைத் தேடுவேன். வெட்டும்போது எனக்கே வயிறு எரியும். அவ்வளவு அழகா ஒட்டியிருப்ப. ஆனா வெட்டலைன்னா அந்த வாரம் உன்னைப் பார்க்க முடியாது.

தம்பி: கெட்டில் கொதிச்சிடுச்சு. நான் போய் அணைக்கறேன்.

அக்கா: அது தானா அணையும். அப்ப வில்லு?

மாமா: வில்லுக்கு என்ன?

அக்கா: பீரோ மேல, போர்வைக்கு அடியில, புதுக் கறுப்பு நாணோட இருக்கிற வில்லு.

மாமா: வில்லு இல்ல.

அக்கா: எங்க போச்சு?

மாமா: கையில தையல் பிரிச்ச அன்னிக்கே கிளப்புல மாஸ்டர்கிட்ட குடுத்துட்டேன். இனிமே எனக்கு வேணாம், யாருக்காவது குடுத்துடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அக்கா: மெழுகு தடவினது?

மாமா: பொய்.

அக்கா: ரெண்டு சொட்டு எண்ணெய்?

மாமா: எல்லாம் பொய்தான். ஒவ்வொண்ணா எண்ணணுமா?

அக்கா: மாஸ்டர்கிட்ட வில்லை மட்டுமா குடுத்தீங்க? வேற எதுவும் சொல்லலையா?

மாமா: சொன்னேன்.

அக்கா: என்னன்னு?

மாமா: எல்லாரும் இருந்தாங்க. ஆஸ்பத்திரியில யாரு யாரு நின்னாங்களோ அத்தனை பேரும் பயிற்சிக்கு வந்திருந்தாங்க. அவ விரிசல்னு தனியா எடுத்து வச்ச அம்பு அது, நான்தான் திருட்டுத்தனமா எடுத்தேன், அவ மேல ஒரு தப்பும் இல்லன்னு சொன்னேன். சொல்லி முடிச்சதும் எனக்கு அங்க நிக்க முடியல. வில்லை வச்சுட்டு வந்துட்டேன்.

அக்கா: ஊருக்கே சொன்னீங்க. என்கிட்ட?

மாமா: உன் முகத்தைப் பார்த்தா வாய் வரலை. தெருமுனை வரைக்கும் ஒத்திகை பார்த்துட்டேதான் வருவேன். இப்படி ஆரம்பிக்கணும், இப்படி முடிக்கணும்னு. நீ கதவைத் திறந்ததும் 'எத்தனை'ன்னு கேப்ப. நானும் 'ஆறு'ன்னு சொல்லிடுவேன். அதோட அந்த வாரம் முடிஞ்சுது.

அக்கா: இன்னிக்கு நான் 'எத்தனை'ன்னு கேக்கல.

மாமா: இல்ல. எதுல பட்டுச்சுன்னு கேட்ட.

அக்கா: அதுக்குப் பதில் இன்னும் வரல.

மாமா: தப்பு என்னுது. விரிசல்னு தெரிஞ்சே எடுத்தேன். கை போச்சுன்னு பயந்துட்டேன், அந்தப் பயத்துல பழியைத் தூக்கி உன் தலையில போட்டேன். நீ வெளிய போறதை நான் பார்த்தேன். கூப்பிடாம படுத்திருந்தேன். அதுதான் எனக்கு இந்த விரலைவிட வலிக்குது... நீ நாளைக்கு லாரியில ஏறாத.

அக்கா: அந்த வில்லு இப்ப யாருகிட்ட இருக்குன்னு தெரியுமா?

மாமா: நான் என்ன கேக்கறேன், நீ வில்லைப் பத்திக் கேக்குற.

அக்கா: தெரியுமா, தெரியாதா?

மாமா: தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு மனசு கேக்காம மாஸ்டர்கிட்ட போய் விசாரிச்சேன். யாருகிட்ட போகணுமோ அவங்ககிட்டதான் போயிருக்குன்னு சொன்னார். அதுக்கு மேல கேட்டா சிரிக்கிறார். சரி, நம்ம கையை விட்டுப் போனதைப் பத்தி நமக்கு என்னன்னு விட்டுட்டேன்.

தம்பி: அக்கா, சொல்லிடு. என்னால முடியல. இருமி இருமித் தொண்டை போச்சு.

மாமா: என்ன மாப்ள?

தம்பி: அன்னிக்குச் சாயங்காலமே கிளப்புல இருந்து அதைத் தோள்ல தூக்கிட்டு வந்தது நான்தான் மாமா. நாண் இன்னும் அந்தப் பழைய வெள்ளை நாண்தான். பிசிறுகூட அப்படியே இருக்கு.

மாமா: நீயா... நீ எதுக்கு?

அக்கா: நான்தான் அனுப்பினேன். நீங்க கிளப்பு கேட்டைத் தாண்டறதுக்குள்ள மாஸ்டர் எனக்குப் போன் பண்ணி, நீங்க சொன்னதை ஒரு வார்த்தை விடாமச் சொல்லிட்டார். வில்லு என்கிட்ட இருந்தா, அதைக் கேட்டு வாங்கவாவது வருவீங்க, வந்த இடத்துல எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு உக்காந்திருந்தேன். நீங்க என்னடான்னா அந்த வாரமே அம்பைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறீங்க. வில்லே இல்லாத மனுஷனுக்கு, தெரிஞ்சே, இத்தனை நாளா நான் எதுக்குங்க இறகு ஒட்டிக் குடுத்துட்டு இருந்தேன்?